எம் என்றால் மெக்கானிக்

ராஜம் மாமியின் கல்யாணச் சமையல் கான்ட்ராக்டில் இப்போது மூன்று பிக்கப் வண்டிகள் ஓடுகின்றன. மூன்றும் ஆட்டோமேட்டிக். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்த டிரைவர்கள், மலைப்பக்கம் ஓட்டம் வரும்போதெல்லாம் எனக்குப் போன் போடுவார்கள். "தாஸண்ணா, இறங்கும்போ டியில கெடந்தா போதுமோ, எம்மில போடணுமோ?" என்று கேட்பார்கள். "எம்மில போடு, ரெண்டிலே பிடி" என்று சொல்லி போனை வைத்துவிடுவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு பெரிய கதையைச் சொல்ல வேண்டியிருக்கும், அந்தக் கதையில் நான் அவ்வளவு யோக்கியனும் இல்லை. இப்போது வேலை போய்விடும் என்ற பயம் கிடையாது என்பதால் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஞானதாஸ், ஊர் களியக்காவிளைப் பக்கம். மீன் லாரியில் கிளீனராக ஏறி, லைசென்ஸ் எடுக்கும் முன்பே ஓட்டப் படித்தவன். நடுவில் இரண்டு வருடம் கல்ஃபுக்குப் போய் வந்தேன். வந்த சூட்டில் லில்லியைக் கட்டினேன். பிறகு திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் சமையல் கான்ட்ராக்ட் நடத்திய ஐயரிடம் வேன் டிரைவராகச் சேர்ந்தேன். ஐயர் காலமான பிறகு அவர் சம்சாரம் ராஜம் மாமி தொழிலை எடுத்து நடத்தினார். டிரைவர் மாறவில்லை, வேனும் மாறவில்லை.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அடுப்படியில் நாற்காலி போட்டு, இடது காலை ஒரு முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருப்பார். ருசி பார்க்க மாட்டார், மோந்து பார்ப்பார். சாம்பார் கொதிக்கும்போது பத்தடி தூரத்திலிருந்தே, "காயம் இன்னும் ஒரு கை" என்பார். புத்தகம் பார்த்துச் சமைப்பவர்களிடம் அவருக்கு நம்பிக்கை இல்லை. கைப்பழக்கம் உள்ள ஆளைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் எதையும் படிக்க வேண்டும் என்பார்.

பாத்திரம் ஏற்றுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் நனைத்த சாக்கை விரிக்க வேண்டும். பாயச உருளி கேபினை ஒட்டி, சாம்பார் அண்டா பின்சக்கரத்துக்கு நேர்மேலே, கூட்டும் அவியலும் அதற்குப் பின்னால், சாதம் கடைசியில். பாத்திரத்தின் வாயில் வாழையிலை, அதன்மேல் மூடி, மூடிக்கு மேல் ஈரத்துணி, துணியைச் சுற்றிக் கயிறு. முடிச்சு இடது கைப்பக்கம் வர வேண்டும். ஏன் இடது என்று நான் ஒருமுறை கேட்டேன். "அவிழ்க்கறவன் வலது கையால கரண்டி பிடிச்சிண்டிருப்பான்" என்றார். எல்லாம் ஏறியபின் முன்சீட்டில் வந்து உட்காருவார். வழிநெடுகப் பேச மாட்டார். பின்னால் அண்டாக்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வருவார்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. தப்பு செய்யலாம், அதை மறைக்கக் கூடாது. இருபது வருடம் கூட இருந்த ஒரு சமையல்காரர், பால்பாயசம் அடிப்பிடித்த அன்று, "ஒண்ணுமில்லே மாமி, நன்னாயிருக்கு" என்று சொல்லிவிட்டார். மாமி அடிப்பிடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கரண்டியை எடுத்துண்டு ஆத்துக்குப் போங்கோ" என்றார். அவர் போனவர் போனவர்தான். கேட் வரை அவரைக் கொண்டுவிட்டவன் நான்.

இதெல்லாம் தெரிந்தும் நான் மாமியிடம் பொய் சொன்னேன் என்பதுதான் விஷயம்.

பழைய வேன் முதுகொடிந்து நின்றபோது மாமி புது பிக்கப் வாங்கினார். முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் திறந்த தொட்டி, ஆட்டோமேட்டிக் கியர். கிளட்ச் இல்லாத வண்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாமிதான் கேட்டார்.

"தாஸ், இந்த மாதிரி வண்டி நீ ஓட்டியிருக்கையோ? இல்லேன்னா ஓட்டத் தெரிஞ்ச ஆளா ஒருத்தனைப் பாக்கணும்."

எனக்கு ஐம்பத்தைந்து வயது. இனி வேறு யார் என்னை வேலைக்கு வைப்பார்கள்? வாய் தானாகத் திறந்தது. "கல்ஃபுல ரெண்டு வருஷம் ஆட்டோமேட்டிக்தானே மாமி ஓட்டினேன். இதெல்லாம் எனக்கு வெளையாட்டாக்கும்."

உண்மை என்னவென்றால், கல்ஃபில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்ததெல்லாம் துடைப்பதற்காகத்தான். டிரைவர் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போன ஏஜென்ட், ஒரு பெரிய வண்டிக் கொட்டகையில் என்னை இறக்கிவிட்டான். இரண்டு வருடம் கார் கழுவினேன். இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. கல்ஃப் டிரைவர் என்றுதான் லில்லியின் வீட்டார் பெண் கொடுத்தார்கள். முப்பது வருடமாக நல்லபடி ஓடிக்கொண்டிருந்த அந்தப் பொய்யையே மாமிக்கும் எடுத்துப் பரிமாறினேன்.

வண்டி வந்த அன்று பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். தேங்காய் உடைத்தாயிற்று. நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. இனி வண்டி மெல்ல உருண்டு பழங்களை நசுக்க வேண்டும். மாமி முன்சீட்டில் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். நான் டியில் போட்டேன். வண்டி தானே நகரத் தொடங்கியதும் என் இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடிப் போய், கிடைத்த பெடலை ஓங்கி மிதித்தது. கிடைத்தது பிரேக். வண்டி குத்திட்டு நிற்க, மாமியின் நெற்றிச் சந்தனம் முன்கண்ணாடியில் அப்பிக்கொண்டது. எலுமிச்சம்பழங்கள் நாலும் முழுசாகக் கிடந்தன.

"என்ன தாஸ் இது?"

"பிரேக் டெஸ்ட் மாமி. கல்ஃபுல புது வண்டின்னா முதல்ல இதாக்கும் செய்யுகது."

தேங்காய் உடைக்கும் ஆள் என்னையே ஒரு மாதிரி பார்த்தான். மாமி கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "செரி" என்றார். மறுநாளிலிருந்து இடது காலை மடித்துச் சீட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு, பாதிச் சம்மணத்தில் ஓட்டினேன். கேட்டவர்களிடம் வாயுப்பிடிப்பு என்றேன்.

மாமியின் கேள்விகள்தான் பெரிய தொல்லை. திடீரென்று அவருக்கு வண்டியில் அக்கறை வந்துவிட்டது. இந்த எழுத்து என்ன, அந்த பட்டன் என்ன என்று தினம் ஒன்று கேட்பார். பி என்றால் நிறுத்த, ஆர் என்றால் பின்னால் எடுக்க, டி என்றால் ஓட. இது வரைக்கும் எனக்கே தெரிந்திருந்தது. எக்கோ என்றொரு பட்டன் இருந்தது. "டீசல் குறைவா இருக்கும்போ அமுக்கணும்" என்றேன், அது ஏறக்குறைய சரி என்று பிற்பாடு தெரிந்தது. பவர் என்றொரு பட்டன். "ஆம்புலன்ஸ் பின்னால வந்தா ஓடி மாறுகதுக்கு" என்றேன். டிக்குப் பக்கத்தில், கியரைப் பக்கவாட்டில் தட்டினால் எம் என்று ஓர் இடம், அதற்கு மேலே ஒரு கூட்டல் குறி, கீழே ஒரு கழித்தல் குறி.

"இந்த எம் என்னவாக்கும்?"

"அது மெக்கானிக்குக்கு உள்ளது மாமி. ஒர்க்‌ஷாப்புல கூட்டிக் குறைச்சுப் பாப்பான். நாம தொடக்கூடாது."

"அப்போ வண்டியோட குடுத்த புஸ்தகத்தைப் பாக்கவே வேண்டாமோ?"

"நான் இருக்கும்போ புஸ்தகம் என்னத்துக்கு மாமி?"

அந்தப் பதில் மாமிக்கு ரொம்பப் பிடித்துப்போனது என்பதைக் கவனித்தேன். புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டு அறையில் கிடந்தது. ஆறு மாதம் இப்படியே சாலை பஜார், ஆரியசாலை, நெய்யாற்றின்கரை என்று சமதரையில் ஓட்டினேன். டியில் போட்டால் அதுவே எல்லாம் பார்த்துக்கொண்டது. இதைப் போய்ப் பெரிய வித்தை என்று நினைத்தோமே என்றுகூடத் தோன்றியது.

பிறகு பொன்முடியில் ஒரு கல்யாணம் வந்தது.

விடிந்து ஏழு மணிக்கு ஏற்றி முடித்தோம். பரிமாறும் ஆட்கள் ஜீப்பில் முன்னால் போய்விட்டார்கள். வண்டியில் நானும் மாமியும் மட்டும். நெடுமங்காடு, விதுரா தாண்டி கல்லாறு வரை சுகமாகப் போனோம். அங்கிருந்து மலை. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள்.

ஏறும்போதே வண்டி தன் குணத்தைக் காட்டிவிட்டது. வளைவு வருகிறதே என்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், அது நான் ஓய்வெடுக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு மேல் கியருக்குப் போய்விடும். வளைவு முடிந்து மிதித்தால், அடடா என்று இரண்டு கியர் கீழே குதிக்கும். குதிக்கும்போது ஒரு உலுக்கல். உலுக்கும்போது பின்னால் 'களக்' என்று ஒரு சத்தம். பழைய வேன் என்றால் இரண்டாவது கியரில் பிடித்துக்கொண்டு முணுமுணுவென்று ஏறியிருப்பேன். இதில் கியர் என் கையில் இல்லை, அல்லது இல்லை என்று நான் நினைத்திருந்தேன். மேலே போய் இறங்கியதும் மாமி ஒன்றே ஒன்று சொன்னார்.

"சாம்பார் என்னை இருபத்திரண்டு தடவை கூப்பிட்டுது, தாஸ்."

நல்லவேளை, ஈரத்துணியும் கயிறும் மானத்தைக் காப்பாற்றின. சாப்பாடு ஜம்மென்று நடந்தது. மூன்று மணிக்குக் காலிப் பாத்திரங்கள், அடுப்பு, சிலிண்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினோம். வெண்கல உருளிகள் காலியானாலும் கனம் கனம்தான்.

டியில் போட்டு இறங்கினேன். வண்டி இறக்கத்தில் தடையில்லாமல் உருண்டது. பிரேக்கை மிதித்தேன், விட்டேன், மறுபடி மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் விடுவதற்கே இடமில்லாமல் மிதித்துக்கொண்டே இருந்தேன். ஏழெட்டு வளைவு தாண்டியிருக்கும். மாமி மூக்கை நிமிர்த்தினார்.

"என்ன வாசனை அது?"

"காட்டுல எவனோ சருகு எரிக்கான் மாமி."

மாமி கண்ணாடியை இறக்கினார். நன்றாக இழுத்து மோந்தார். அடுத்த வளைவில் நான் மிதித்தபோது பெடல் பஞ்சுபோல உள்ளே போனது. அடிவரை போய், யோசித்து, பிறகுதான் பிடித்தது. இடது பக்கம் தடுப்புச் சுவர், அதற்கப்புறம் வெறும் மூடுபனி. வலது பக்கம் கொஞ்சம் அகலமான இடம் தெரிந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொண்டே மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். நாலு சக்கரத்திலிருந்தும் புகை வந்தது.

மாமி இறங்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு, அடுப்படியில் பேசும் அதே குரலில் பேசினார்.

"பாயசம் அடிப்பிடிச்சா பாயச வாசனை, எண்ணெய் கருகினா எண்ணெய் வாசனை. இது சருகு இல்லே. இன்னொரு தடவை கேக்கறேன், தாஸ். என்ன வாசனை?"

இரண்டாவது முறை கேட்கும் வழக்கம் மாமிக்குக் கிடையாது. அந்தச் சமையல்காரரிடம் அவர் கேட்கவில்லை. எனக்கு அது புரிந்தது.

"பிரேக்காக்கும் மாமி. தப்பு என்னோடதுதான். இந்த வண்டியை மலையில எப்படிப் பிடிச்சு நிறுத்துகதுன்னு எனக்குத் தெரியாது."

"கல்ஃப்ல மலை கிடையாதோ?"

"கல்ஃபுல நான் வண்டி ஓட்டவே இல்ல மாமி. கழுவினேன். ரெண்டு வருஷமும் கழுவத்தான் செய்தேன். என் பெஞ்சாதிக்குக்கூடத் தெரியாது."

சொல்லி முடித்ததும் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தில் வந்ததா, உயிர் தப்பியதில் வந்ததா, தெரியவில்லை. மாமி என்னைப் பார்க்கவே இல்லை. கைப்பையைத் திறந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். சமையல் அளவுகள் எழுதி வைக்கும் நோட்டு. புரட்டி ஒரு பக்கத்தை என் முன்னால் நீட்டினார். அவருடைய உருண்டை எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தது. பி நிறுத்த. டி ஓட்ட. பவர், ஆம்புலன்ஸ் வந்தால். எம், மெக்கானிக்குக்கு, தொடக்கூடாது. கீழே, புது வண்டிக்கு முதலில் பிரேக் டெஸ்ட்.

ஆறு மாதம் நான் அளந்த அத்தனை புளுகும் அதில் தேதி வாரியாக இருந்தது. என்னை மாட்டிவைக்க எழுதியதென்றே நினைத்தேன்.

மாமி பேனாவை எடுத்து மெக்கானிக் வரியை அடித்தார். பிறகு டேஷ்போர்டு அறையைத் திறந்து, புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் முணுமுணுவென்று படித்து, தமிழில் எனக்குச் சொன்னார்.

"எம்முன்னா கியர் நம்ப கையில. கழித்தல் பக்கம் தட்டினா ஒரு கியர் குறையும், கூட்டல் பக்கம் தட்டினா ஒண்ணு கூடும். நீண்ட இறக்கத்துல குறைஞ்ச கியர்ல வெச்சுக்கணும், என்ஜினே பிடிச்சுக்கும், பிரேக்கை அப்பப்போ விட்டு விட்டு மிதிச்சாப் போறும். கேட்டையா? சும்மா இல்லே, இதைத் தடிச்ச எழுத்துல போட்டிருக்கான்."

"இது நம்ம பழைய வேன்ல செய்யுகதுதானே மாமி!"

"தெரிஞ்சதையே தெரியாம வெச்சிண்டிருந்திருக்கே."

சக்கரங்கள் ஆறும்வரை முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் ஊற்றலாமா என்று மாமி கேட்டார். சூட்டில் ஊற்றினால் டிஸ்க் வெடிக்கும் என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதும் முன், "இது நிஜந்தானே?" என்று கேட்டார். பிறகு கிளம்பினோம். எம்மில் தட்டி, இரண்டில் பிடித்தேன். என்ஜின் உறுமியது, வண்டி மூக்கணாங்கயிறு போட்ட மாடு மாதிரி அடங்கி நடந்தது. மாமி ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், "ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கல்லாறு பாலம் வரை பிரேக்கை நான் பத்துத் தடவைகூடத் தொட்டிருக்க மாட்டேன்.

அக்ரஹாரத்தில் இறக்கிவிட்டபோது, "நாளைக்குக் கார்த்தால ஆறு மணிக்கு சாவியோட வா" என்றார். அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் லில்லியிடம் பல்வலி என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்தேன். அதுவும் பொய்தான், ஒரே நாளில் திருந்திவிட முடியுமா?

காலையில் போனபோது மாமி தெருவில், வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். சாவியை நீட்டினேன். வாங்கி, கதவைத் திறந்து, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அந்தப் பக்கம் ஏறு" என்றார்.

சுற்றிப் போய், மாமி எப்போதும் உட்காரும் சீட்டில் ஏறினேன்.

"கிளட்ச் இல்லாத வண்டி உனக்காக வாங்கினேன்னு நினைச்சையோ? எனக்கு இடது முட்டு மடங்காது. இது ஒண்ணுதான் நான் ஓட்ட முடியும். பக்ஷே, அறுபது வயசுல டிரைவிங் ஸ்கூலுக்குப் போக வெட்கமா இருந்துது. கைப்பழக்கம் உள்ளவன் பக்கத்துல இருக்கானே, பாத்துப் படிச்சிண்டுடலாம்னு ஆறு மாசமா உன் கையையே பாத்துண்டிருந்தேன். பாக்க ஆள் கிடைச்சான், பாரு!"

தலையில் கொட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என் வேலை போகுமே என்று ஆறு மாதம் நான் பயந்து பயந்து புளுகியதெல்லாம், பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தர் ஆசையாகப் படித்த பாடம். மாமி ஒருநாள் தனியாக அந்த மலையை இறங்கியிருந்தால், எம்மைத் தொட்டிருக்க மாட்டார். நான் தொடக்கூடாது என்று சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருந்தாரே.

"என்னை ஆத்துக்கு அனுப்பல்லியா மாமி?" என்று கேட்டேன்.

"அனுப்பிட்டா யார் சொல்லிக் குடுப்பா? தெரிஞ்சதை மட்டும் சொல்லு. தெரியாததுக்கு புஸ்தகம் இருக்கு. நான் படிக்கறேன்."

தினம் விடியற்காலையில் சங்குமுகம் ரோட்டில் பாடம் நடந்தது. மாமி எல்லாவற்றையும் அடுப்பு பாஷையில் புரிந்துகொண்டார். எக்கோ என்றால் மிதமான தீ. பவர் என்றால் தாளிக்கும் தீ. எம் என்றால் அடுப்படியை விட்டு நகராமல் நின்று கிளறுவது. லைசென்ஸ் டெஸ்டில், நட்டுவைத்த கம்பிகளுக்கு நடுவே எச் எழுத்து வடிவில் வண்டியை ஓட்டிக் காட்டும்போது முதல் தடவை கம்பியைத் தட்டிவிட்டு, "தட்டிட்டேன், நானே சொல்லிடறேன்" என்று ஆபீசர் பார்க்கும் முன்பே கையைத் தூக்கினார். அடுத்த தடவை லைசென்ஸ் கையில். அதற்கப்புறம் மலை ஓட்டம் எல்லாம் மாமியே எடுத்துக்கொண்டார். வேலை போகக்கூடாதென்று பொய் சொன்னவன், என் சீட்டைப் பறிக்கும் ஆளுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

கண்ணில் புரை வந்து நான் வேலையை விட்டபோது அக்ரஹாரத்தில் ஒரு சாப்பாடு போட்டார்கள். சமையல் ஆட்கள், பரிமாறும் ஆட்கள், லில்லி, என் மருமகன்கூட வந்திருந்தான். இலையில் பாயசம் விழுந்ததும் மாமி எழுந்து நின்றார். இரண்டு வார்த்தை பேசப் போகிறேன் என்றார். நான் தலையைக் குனிந்து இலையையே பார்த்தேன். மாமிக்கு எதையும் மறைத்துப் பேசிப் பழக்கமில்லை, பக்கத்து இலையில் லில்லி உட்கார்ந்திருக்கிறாள்.

"எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தது தாஸாக்கும்" என்றார் மாமி. "சும்மாவா? கல்ஃப்ல ரெண்டு வருஷம் ஆட்டோமேட்டிக் ஓட்டின கை."

எல்லோரும் கைதட்டினார்கள். லில்லி பெருமையில் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. காலை நீட்டி மெல்ல என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தார்.

"பொய் சொன்னா ஆத்துக்கு அனுப்பிடணும், அதானே நம்ப சட்டம்? இப்போ என்னை யார் அனுப்பறது, சொல்லு?"

நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. பாயசம் ரொம்ப நன்றாயிருக்கிறது என்று லில்லியிடம் சொல்லிச் சமாளித்தேன்.